ஹாம் ரேடியோ: கேட்டுப் பழகுவதிலிருந்து முதல் அழைப்பு வரை

ஹாம் ரேடியோ, அதாவது அமெச்சூர் வானொலி, பக்கம் புதிதாக வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எந்த செட் (பேசவும் கேட்கவும் உதவும் வானொலிக் கருவி) வாங்கலாம்?" என்பதுதான். உண்மையில் அது நான்காவதாக வர வேண்டிய கேள்வி. முதலில் கேட்டுப் பழக வேண்டும், அடுத்தது உரிமம், மூன்றாவது ஆன்டெனா, செட் அதற்குப் பிறகு. இந்த வரிசையைத் தலைகீழாக்கி, எடுத்தவுடன் செட்டை வாங்கியவர்களில் பலர் சில வாரம் வெறும் இரைச்சலைக் கேட்டுவிட்டு அதைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிடுகிறார்கள். செட்டில் குறை எதுவும் இருக்காது. எந்த நேரத்தில் எந்த பேண்டில் (அதிர்வெண் தொகுப்பில்) என்ன கேட்கும் என்று தெரியாமல், குட்டி ரப்பர் ஆன்டெனாவோடு, யாரும் பேசாத அலைவரிசையில் காத்திருந்ததுதான் குறை.

சர்வதேச வானொலி விதிகள் அமெச்சூர் வானொலியை ஒரு சேவை என்றே வகைப்படுத்துகின்றன. பண ஆதாயம் கருதாமல், வானொலி நுட்பத்தில் சொந்த ஆர்வம் கொண்ட, முறையாக உரிமம் பெற்ற தனிநபர்கள் தாங்களே கற்கவும், ஒருவரோடு ஒருவர் தொடர்புகொள்ளவும், ஆராயவும் ஒதுக்கப்பட்ட சேவை அது. 'தாங்களே கற்க' என்ற பகுதியைக் கவனியுங்கள். 200 மீட்டருக்குக் குறைந்த அலைநீளங்கள் தொலைதூரத்துக்கு உதவாதவை என்று கருதப்பட்ட காலத்தில்தான் அவை அமெச்சூர்களுக்கு விடப்பட்டன. 1923 நவம்பரில் பிரான்சின் லியோன் டெலாயும் அமெரிக்காவின் ஃப்ரெட் ஷ்னெலும் ஏறத்தாழ 110 மீட்டரில் அட்லாண்டிக்கைத் தாண்டி மோர்ஸில் உரையாடினார்கள். சிற்றலையின் வீச்சு என்னவென்று உலகம் அதற்குப் பிறகுதான் சரியாகப் புரிந்துகொண்டது. 1961 டிசம்பரிலேயே அமெச்சூர்கள் கட்டிய ஆஸ்கர்-1 என்ற செயற்கைக்கோள் சுற்றுப்பாதைக்குப் போய்விட்டது.

முதல் மாதம்: கேட்பது மட்டும்

கேட்பதற்குப் பெரும்பாலான நாடுகளில் அமெச்சூர் உரிமம் தேவையில்லை. இருந்தாலும் ரிசீவர் வாங்கும் முன் உங்கள் நாட்டு விதியை ஒருமுறை பார்த்துவிடுங்கள். தொடங்குவதற்கு ரிசீவர்கூட வேண்டாம். வேறொரு ஊரில் இருக்கும் ரிசீவரை இணையம் வழியாக நீங்களே திருகிக் கேட்கலாம். நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகம் நடத்தும் வெப்எஸ்டிஆர் அவற்றில் மிகவும் பெயர்பெற்றது. கிவிஎஸ்டிஆர் வகை ரிசீவர்களும் உலகெங்கும் திறந்து கிடக்கின்றன. உங்கள் பகுதிக்கு அருகில் உள்ள ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், பின்னால் சொந்த ஆன்டெனாவில் என்ன வரும் என்பதற்கு ஒரு கணக்கு கிடைத்துவிடும்.

மாலையில் 7.050-லிருந்து 7.200 மெகாஹெர்ட்ஸ் வரை மெதுவாக நகருங்கள். மோட் (சிக்னல் அனுப்பும் முறை) எல்.எஸ்.பி., அதாவது கீழ் சைடுபேண்ட், ஃபில்டர் அகலம் 2.4 கிலோஹெர்ட்ஸ். சிங்கிள் சைடுபேண்ட் குரல் சரியான இடத்தில் விழாதபோது வாத்து கத்துவதுபோல் கேட்கும். 50 ஹெர்ட்ஸ் அல்லது அதற்கும் சிறிய படிகளில் நகர்த்தினால் ஒரு புள்ளியில் மனிதக் குரலாகிவிடும். எப்படித் திருகியும் குரலாகவில்லை என்றால் சைடுபேண்டை மாற்றிப் பாருங்கள். 10 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே குரலுக்கு எல்.எஸ்.பி., மேலே யு.எஸ்.பி. (மேல் சைடுபேண்ட்) என்பது உலக வழக்கம். 5 மெகாஹெர்ட்ஸ் பேண்ட் மட்டும் விதிவிலக்கு, அங்கும் யு.எஸ்.பி. தான்.

பிறகு 14 மெகாஹெர்ட்ஸுக்குப் போங்கள். அங்கே 14.100-ல் ஓர் அருமையான ஆசிரியர் இருக்கிறார். சர்வதேச பீக்கன் திட்டத்தின் 18 நிலையங்கள் அதே அலைவரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக, ஆளுக்குப் பத்து விநாடி, மூன்று நிமிடச் சுழற்சியில் ஒலிபரப்புகின்றன. ஒவ்வொன்றும் தன் அழைப்புக்குறியை மோர்ஸில் சொல்லிவிட்டு நான்கு நீண்ட ஒலிகள் தரும்: 100 வாட், 10 வாட், 1 வாட், 0.1 வாட். எந்தக் கண்டத்துப் பீக்கன் எந்த நேரத்தில் எத்தனை ஒலிவரை கேட்கிறது என்று ஒரு வாரம் குறித்து வைத்தால், அயனி மண்டலம் (வானொலி அலைகளைத் திருப்பி அனுப்பும் மேல் வளிமண்டலப் பகுதி) பற்றி எந்தப் பாடமும் சொல்லாததை அந்தக் குறிப்பு சொல்லிவிடும். 0.1 வாட் ஒலி கடல் தாண்டிக் கேட்கும் நாளில், சக்தியைவிட நேரமும் பேண்டும் எவ்வளவு பெரியவை என்பது தானாகப் புரியும்.

காரணம் சிக்கலானதல்ல. அயனி மண்டலத்தில் பகலில் உருவாகும் டி அடுக்கு, தாழ்ந்த அதிர்வெண்களை உறிஞ்சிவிடுகிறது. அதனால் 3.5, 7 மெகாஹெர்ட்ஸ் பேண்டுகள் பகலில் சில நூறு கிலோமீட்டருக்குள் சுருங்கும். சூரியன் மறைந்ததும் டி அடுக்கு கலைந்துபோக, அதே அலை 250 முதல் 400 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் எஃப்-2 அடுக்கில் பட்டுத் திரும்பி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போகிறது. 14 மெகாஹெர்ட்ஸ் பகலில் தொலைதூரம் போகும். 21, 28 மெகாஹெர்ட்ஸ் பேண்டுகள் ஏறத்தாழ 11 ஆண்டு சூரியப்புள்ளிச் சுழற்சியின் உச்சத்தில் பிரமாதமாகத் திறக்கும். அடிவாரத்தில் நாள் கணக்கில் மௌனமாகக் கிடக்கும். 28 மெகாஹெர்ட்ஸில் ஒன்றுமே கேட்கவில்லை என்றால் உங்கள் ஆன்டெனாவைச் சந்தேகிக்கும் முன் பேண்டைச் சந்தேகியுங்கள்.

கேட்கும்போது ஒரு நோட்டில் நாள், உலகப் பொது நேரம், அதிர்வெண், மோட், அழைப்புக்குறி, அவர்கள் பரிமாறிக்கொண்ட விவரம் ஆகியவற்றை எழுதுங்கள். உள்ளூர் நேரத்தில் எழுதும் பழக்கம் வேண்டாம். உலகம் முழுவதும் ஹாம் பதிவேடுகள் உலகப் பொது நேரத்தில்தான் இருக்கும்.

உரிமம்

நாட்டுக்கு நாடு தேர்வு மாறும், உரிமத்தின் படிநிலைகள் மாறும், அனுமதிக்கும் சக்தியும் பேண்டுகளும் மாறும். ஆனால் பாடத்தின் உடல் ஏறத்தாழ ஒன்றுதான்: ஓம் விதி, தொடர்–இணைச் சுற்றுகள், ரிசோனன்ஸ், டிரான்ஸ்மிட்டர்–ரிசீவர் பிளாக் வரைபடம், ஆன்டெனா, அலைப் பரவல், பாதுகாப்பு, விதிகள். பொருள் புரியாமல் கேள்வி–பதிலை மனப்பாடம் செய்தாலும் தேர்ச்சி பெற்றுவிடலாம். ஆனால் முதல் ஆன்டெனா கட்டும் நாளில் அதே பாடத்தை மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டிவரும். ஃபார்முலாக்களில் மூன்றை மட்டும் கைப்பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்: வோல்ட், ஆம்பியர், வாட் உறவு, மெகாஹெர்ட்ஸில் உள்ள அதிர்வெண்ணால் 300-ஐ வகுத்தால் அலைநீளம் மீட்டரில், 3 டெசிபெல் என்றால் சக்தியில் இரண்டு மடங்கு, 10 டெசிபெல் என்றால் பத்து மடங்கு.

மோர்ஸ் கட்டாயம் என்ற சர்வதேச விதி 2003-ல் நீக்கப்பட்டது. அதன்பின் அதைக் கேட்பதும் விடுவதும் அந்தந்த நாட்டின் விருப்பம்.

தேர்ச்சி பெற்றதும் வருவது அழைப்புக்குறி. அதன் முன்னொட்டு நாட்டைக் காட்டும்: வி.யு. என்றால் இந்தியா, 4.எஸ். இலங்கை, 9.வி. சிங்கப்பூர், 9.எம். மலேசியா, ஜே.ஏ. ஜப்பான். பொதுவான கட்டுப்பாடுகள் எங்கும் ஒன்றே. வியாபாரம் பேசக்கூடாது, இசை ஒலிபரப்பக்கூடாது, பொருளை மறைக்கும் சங்கேத மொழி கூடாது, குறிப்பிட்ட இடைவெளியில் அழைப்புக்குறியைச் சொல்ல வேண்டும். நீங்கள் பேசுவதை யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்பதை எப்போதும் நினைவில் வையுங்கள்.

முதல் ஆன்டெனா: 145 மெகாஹெர்ட்ஸ் கிரவுண்ட் பிளேன்

உரிமம் வருவதற்காகக் காத்திருக்கும் நாட்களில் கிரவுண்ட் பிளேனை, அதாவது ஒரு செங்குத்துக் கம்பியும் அதன் அடியில் நான்கு கம்பிகளும் கொண்ட ஆன்டெனாவை, செய்துவிடலாம். கையில் பிடிக்கும் செட்டின் ரப்பர் ஆன்டெனாவைவிடப் பல மடங்கு மேலானது, அரை நாள் வேலை.

தேவையானவை: நான்கு மூலையிலும் துளை உள்ள எஸ்.ஓ-239 சேசிஸ் சாக்கெட் ஒன்று (வெள்ளை டெஃப்லான் இன்சுலேட்டர் உள்ளதாகப் பாருங்கள்), 2 முதல் 2.5 மி.மீ. தடிமனுள்ள செம்பு அல்லது பித்தளைக் கம்பி 55 செ.மீ. துண்டுகள் ஐந்து, 3 மி.மீ. போல்ட்டு–நட்டு நான்கு ஜோடி, பி.எல்-259 பிளக், 50 ஓம் கோஆக்ஸ் கேபிள் (மையக்கம்பியைச் சுற்றி உலோக உறை, அதாவது ஷீல்டு, உள்ளது), 60 வாட்டுக்குக் குறையாத சோல்டரிங் அயர்ன், மல்டிமீட்டர்.

ஒரு கம்பியின் நுனியை உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்து, சாக்கெட்டின் நடுக்குழியில் நிறுத்தி ஈயம் ஓடவிடுங்கள். சின்ன அயர்னால் நீண்ட நேரம் சூடேற்றினால், மலிவான சாக்கெட்டுகளில் பிளாஸ்டிக் உருகி நடுமுனை சாய்ந்துவிடும். சூடு அதிகமாகவும் நேரம் குறைவாகவும் இருக்க வேண்டும். இந்தச் செங்குத்துக் கம்பியை முதலில் 51 செ.மீ. நீளத்துக்கு வெட்டி வையுங்கள். கடைசியில் அது 49 செ.மீ. அளவில் வந்து நிற்கும்.

மற்ற நான்கு கம்பிகளின் ஒரு முனையைச் சிறு வளையமாக வளைத்து, சாக்கெட்டின் நான்கு துளைகளிலும் போல்ட்டால் இறுக்குங்கள். வளையத்தைத் தவிர்த்து நீளம் 52 செ.மீ. இவைதான் ரேடியல்கள். நான்கையும் கிடைமட்டத்திலிருந்து 45 டிகிரி கீழ்நோக்கிச் சாயுங்கள். கிடையாகவே விட்டால் ஆன்டெனாவின் இம்பீடன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்கு அது தரும் எதிர்ப்பு) 50 ஓமுக்கு வெகு கீழே இருக்கும். கீழே சாய்க்கச் சாய்க்க ஏறி, 45 டிகிரியில் 50 ஓமுக்கு வந்து கேபிளோடு பொருந்துகிறது. நுனிகளில் ரப்பர் மூடி போடுங்கள், கண்ணில் படும் உயரத்தில் இவை ஆபத்தானவை.

கேபிளை இணைத்தபின் மல்டிமீட்டர் சோதனை. நடுக்கம்பிக்கும் ரேடியலுக்கும் இடையே தொடர்பு இருக்கவே கூடாது. கேபிளின் மறுமுனைப் பிளக்கின் உடலுக்கும் ரேடியலுக்கும் தொடர்பு இருக்க வேண்டும். நடுமுனையிலிருந்து நடுக்கம்பிக்கும் அப்படியே. பி.எல்-259 பற்றவைத்ததில் ஒரு இழை ஷீல்டு நடுமுனையைத் தொட்டுக்கொண்டிருப்பதே புதியவர்களின் மிகப் பொதுவான தவறு. இதைக் கவனிக்காமல் டிரான்ஸ்மிட் செய்தால் செட்டின் இறுதிநிலை டிரான்சிஸ்டருக்கு ஆபத்து.

இப்போது எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனாவிலிருந்து சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் விகிதம்) மீட்டரோ கைக்கடக்கமான ஆன்டெனா அனலைசரோ வேண்டும். டிரான்ஸ்மிட்டர் வழியாக அளப்பதானால் உரிமம் வரும்வரை பொறுங்கள். அளவு மிகக் குறைவாக வரும் அதிர்வெண் 145-க்குக் கீழே இருந்தால் கம்பி நீளம் அதிகம். 2 அல்லது 3 மி.மீ. மட்டும் நறுக்கி மறுபடி அளக்கவும், 5 மி.மீ. நறுக்கினாலே ஏறத்தாழ 1.5 மெகாஹெர்ட்ஸ் மேலே ஏறிவிடும். அளக்கும்போது ஆன்டெனா கையிலோ சுவரோரத்திலோ இருக்கக்கூடாது. உடலும் இரும்பும் கணக்கைக் கெடுக்கும். எஸ்.டபிள்யூ.ஆர். 1.5-க்குக் கீழே வந்துவிட்டால் போதும், விட்டுவிடுங்கள். எஸ்.டபிள்யூ.ஆர். 2 என்றாலே திரும்பி வரும் சக்தி 11 சதவீதம்தான். 1.2-ஐ 1.1 ஆக்குவதற்குச் செலவிடும் மாலையை ஆன்டெனாவை இன்னொரு மீட்டர் உயர்த்துவதற்குச் செலவிடலாம்.

சாக்கெட்டின் மேல்பகுதியை நியூட்ரல் சிலிகானால் மூடுங்கள். புளிப்பு வாடை வரும் சிலிகான் செம்பை அரிக்கும். பிளக் சேரும் இடத்தில் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, கேபிள் வீட்டுக்குள் நுழையும் முன் ஒரு வளைவு தொங்கவிடுங்கள். மழைநீர் கேபிள் வழியே உள்ளே வராமல் அந்த வளைவில் சொட்டிவிடும். ஒருமுறை தண்ணீர் புகுந்த கோஆக்ஸைக் காயவைத்துப் பயன்படுத்த முயலாதீர்கள். அதில் எஸ்.டபிள்யூ.ஆர். அழகாகத் தெரியும், காரணம், போகும் சக்தியையும் திரும்பும் சக்தியையும் கேபிளே தின்றுவிடுவதுதான்.

கேபிள் தேர்வில் கஞ்சத்தனம் வேண்டாம். ஆர்.ஜி-58 கேபிள் 145 மெகாஹெர்ட்ஸில் 30 மீட்டருக்கு ஏறத்தாழ 6 டெசிபெல் இழக்கும், அதாவது நான்கில் மூன்று பங்கு சக்தி வழியிலேயே போய்விடும். அதே நீளத்தில் ஆர்.ஜி-213 அதில் பாதிக்கும் குறைவான டெசிபெல்லே இழக்கும். 7 மெகாஹெர்ட்ஸில் ஆர்.ஜி-58 தாராளமாகப் போதும்.

உயரத்தின் பலனுக்கு ஒரு கணக்கு: இரண்டு ஆன்டெனாக்களின் உயரத்தையும் மீட்டரில் எடுத்து, தனித்தனியே வர்க்கமூலம் கண்டு, கூட்டி, 4.12-ஆல் பெருக்கினால் வானொலி அடிவானத் தூரம் கிலோமீட்டரில் வரும். இருவரும் 1.5 மீட்டர் உயரத்தில் நின்றால் 10 கிலோமீட்டர். ஒருவர் ஆன்டெனாவை 9 மீட்டருக்கு ஏற்றினால் 17 தாண்டிவிடும். சமவெளிக் கணக்கு இது. நடுவே கட்டடங்கள் இருந்தால் குறையும்.

கையடக்க செட்டும் ரிப்பீட்டரும்

5 வாட் கையடக்க செட் ஒன்றே தொடக்கத்துக்குப் போதும். உயரமான இடத்தில் இருக்கும் ரிப்பீட்டர் உங்கள் சிக்னலை ஒரு அதிர்வெண்ணில் வாங்கி இன்னொன்றில் ஒலிபரப்பும். 2 மீட்டர் (145 மெகாஹெர்ட்ஸ்) பேண்டில் இரண்டுக்கும் இடையே வழக்கமாக 600 கிலோஹெர்ட்ஸ் வித்தியாசம், இதுதான் ஆஃப்செட். ஆக, செட்டில் நான்கு விஷயங்கள் பொருந்த வேண்டும்: ரிசீவ் அதிர்வெண், ஆஃப்செட்டின் அளவும் திசையும், ரிப்பீட்டர் கேட்கும் சி.டி.சி.எஸ்.எஸ். டோன் (ரிப்பீட்டரைத் திறக்கும் தாழ்ந்த ஒலி), எஃப்.எம். அகலம் (நேரோ அல்லது வைடு).

எல்லாரும் பேசுவது நன்றாகக் கேட்கிறது, ஆனால் நீங்கள் அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லையா? பத்தில் ஒன்பது முறை டோன் போடப்படவில்லை அல்லது ஆஃப்செட் திசை தப்பு. ரிப்பீட்டர் திறக்கிறது, ஆனால் உங்கள் குரல் சன்னமாக இருக்கிறது என்றால் உங்கள் செட் நேரோவில் இருக்கிறது, ரிப்பீட்டர் வைடில் இருக்கிறது. குரல் துண்டு துண்டாகப் போனால் சிக்னல் போதவில்லை. செட்டைச் சாய்த்துப் பிடிக்காமல் நேராக நிமிர்த்திப் பிடியுங்கள். ரிப்பீட்டர் ஆன்டெனா செங்குத்தானது, உங்களுடையது படுத்திருந்தால் 20 டெசிபெல்வரை இழப்பு வரலாம்.

பி.டி.டி.யை (பேசுவதற்கு அழுத்தும் பொத்தானை) அழுத்தியதும் ஒரு விநாடி பொறுத்துப் பேசுங்கள். ரிப்பீட்டர் டோனை அடையாளம் கண்டு திறப்பதற்குள் பேசத் தொடங்குவதால்தான் புதியவர்களின் அழைப்புக்குறியில் முதல் எழுத்து விழுங்கப்பட்டுவிடுகிறது. மைக்கிலிருந்து ஐந்து செ.மீ. தள்ளி, நேராக ஊதாமல் சற்றுப் பக்கவாட்டில் பேசவும். ஒவ்வொருவர் முடித்ததும் ஓர் இடைவெளி விடுங்கள். அவசரச் செய்தியோடு காத்திருப்பவர் நுழைய அந்த இடைவெளி ஒன்றுதான் வழி.

சிற்றலை: டைபோல் கட்டுவது

இங்கேதான் பொழுதுபோக்கு முழுமையாகத் திறக்கிறது. 100 வாட் சிற்றலை டிரான்ஸீவர், 13.8 வோல்ட் பவர் சப்ளை, கம்பி டைபோல் (நடுவில் கேபிள் சேரும் இரு கைக் கம்பி ஆன்டெனா) ஆகிய மூன்றும் போதும். 100 வாட்டில் டிரான்ஸ்மிட் செய்யும்போது செட் 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 10 ஆம்பியர் சப்ளையில் குரல் உச்சத்துக்குப் போகும்போதெல்லாம் வோல்டேஜ் சரிந்து செட் அணைந்து அணைந்து எரியும். பெரிய ஆம்ப்ளிஃபையர் ஆசையைத் தள்ளிவையுங்கள். 5 வாட்டிலிருந்து 100 வாட்டுக்குப் போனாலே 13 டெசிபெல், அதாவது எதிர்முனை எஸ் மீட்டரில் (சிக்னல் வலிமை காட்டும் மீட்டரில்) இரண்டு கோடுகள்தான் கூடும். தாழக் கிடக்கும் ஆன்டெனாவை உயர்த்துவதால் 14 மெகாஹெர்ட்ஸில் அவ்வளவும் கிடைப்பது உண்டு.

டைபோலின் மொத்த நீளம் மீட்டரில்: 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுக்கவும். 7.1-க்கு 20.14 மீட்டர், பக்கத்துக்கு 10.07. வெட்டும்போது பக்கத்துக்கு 10.3 வெட்டுங்கள், வெட்டிய கம்பியை நீட்டுவது தொல்லை. பிளாஸ்டிக் உறை போட்ட கம்பி வெறும் கம்பியைவிட இரண்டு முதல் ஐந்து சதவீதம் குறைந்த நீளத்திலேயே பொருந்திவிடும். நடுவில் கோஆக்ஸின் மையக்கம்பி ஒரு பக்கத்துக்கும் ஷீல்டு மறுபக்கத்துக்கும். நடுவை 8 முதல் 10 மீட்டர் உயரத்திலும் முனைகளை 3 மீட்டருக்குக் குறையாமலும் கட்டலாம். இரு கைகளுக்கு இடையிலான கோணம் 90 டிகிரிக்குக் குறைய வேண்டாம். முனைகளில்தான் மின்னழுத்தம் உச்சத்தில் இருக்கும். யார் கையும் எட்டக்கூடாது.

சரிசெய்யும் கணக்கு இதோ. இரு பக்கமும் 10.3, மொத்தம் 20.6 மீட்டர் இருக்கும்போது எஸ்.டபிள்யூ.ஆர். 6.95-ல் மிகக் குறைவாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 20.6 × 6.95 ÷ 7.10 = 20.17. மொத்தம் 43 செ.மீ. அதிகம். பக்கத்துக்கு 21 செ.மீ. குறைக்க வேண்டும். நறுக்காமல் முனையை மடித்துக் கம்பியோடு சேர்த்து முறுக்கி வைத்தால், தவறினாலும் அவிழ்த்துக்கொள்ளலாம்.

கோஆக்ஸ் டைபோலோடு சேரும் இடத்தில் ஒரு சோக் பலுன் (கேபிளின் வெளித்தோலில் மின்னோட்டம் பாய்வதைத் தடுப்பது) அவசியம். 31 வகை ஃபெரைட்டில் 61 மி.மீ. வெளிவிட்டமுள்ள வளையத்தில் ஆர்.ஜி-58 கேபிளைப் பத்து முதல் பன்னிரண்டு சுற்று சுற்றினால் போதும். இது இல்லையென்றால் கேபிளின் வெளித்தோலும் ஆன்டெனாவின் பாகமாகிவிடும். அதன் அறிகுறிகள்: பேசும்போது மைக்கின் உலோகம் உதட்டில் சுருக்கென்று கடிக்கும், கம்ப்யூட்டர் உறையும், எதிர்முனையில் உங்கள் குரல் கரகரக்கும், கேபிளை நகர்த்தினால் எஸ்.டபிள்யூ.ஆர். மாறும்.

பாதுகாப்பில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். அமெச்சூர்களைக் கொல்வது பெரும்பாலும் டிரான்ஸ்மிட்டர் அல்ல, மின்கம்பி. கம்பமோ கம்பியோ எந்தப் பக்கம் விழுந்தாலும் மின்கம்பியைத் தொடாத இடத்தில் மட்டும் கட்டுங்கள். கம்பத்தின் உயரத்தைப்போல் ஒன்றரை மடங்கு இடைவெளி என்பது நல்ல அளவுகோல். மின்கம்பிக்கு மேலாகக் கயிறு எறிந்து ஆன்டெனா இழுப்பதை ஒருபோதும் செய்யாதீர்கள். இடி தொடங்கும் முன்பே கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள்.

டைபோல் ஏறியதும் பலருக்கு அடுத்த ஏமாற்றம்: எஸ்-7, எஸ்-8 அளவுக்கு இடைவிடாத இரைச்சல். பெரும்பாலும் அது உங்கள் வீட்டிலிருந்தே வருகிறது. செட்டை பேட்டரியில் ஓடவிட்டு, வீட்டின் மெயின் சுவிட்சை அணையுங்கள். இரைச்சல் விழுந்தால் ஒவ்வொரு சர்க்யூட்டாகப் போட்டுக் குற்றவாளியைப் பிடியுங்கள். மலிவான எல்.இ.டி. பல்பு, போன் சார்ஜர், லேப்டாப் அடாப்டர், சோலார் இன்வெர்ட்டர் ஆகியவை வழக்கமான சந்தேக நபர்கள்.

முதல் அழைப்பு

அழைக்கும் முன் அரை நிமிடம் கேளுங்கள். பிறகு, "இந்த அதிர்வெண் பயன்பாட்டில் இருக்கிறதா?" என்று உங்கள் குறியோடு இருமுறை கேளுங்கள். உங்களுக்குக் கேட்காத ஒரு ஸ்டேஷனோடு யாராவது பேசிக்கொண்டிருக்கலாம். அலை தாண்டிப் போகும் மௌன வளையத்துக்குள் நீங்கள் இருந்தால் ஒருவர் மட்டுமே உங்களுக்குக் கேட்பார்.

முதல் தடவை நீங்களாக அழைப்பதைவிட, "சிக்யூ" (யாராவது பதில் சொல்லுங்கள்) என்று அழைக்கும் உரத்த ஸ்டேஷனுக்குப் பதில் சொல்வது எளிது. க்யூ எழுத்தில் தொடங்கும் அழைப்புக்குறி எந்த நாட்டுக்கும் கிடையாது, எனவே மாதிரிக்கு அதையே வைத்துக்கொள்வோம். அவர் அழைத்து நிறுத்தியதும் நீங்கள் உங்கள் குறியை மட்டும், எழுத்தெழுத்தாக: "கியூபெக் ஆல்ஃபா ஒன் ரோமியோ டெல்டா மைக்." அவ்வளவுதான். அவர் உங்கள் குறியைத் திருப்பிச் சொல்லி, "ஃபைவ் நைன்" என்று ரிப்போர்ட் தருவார். முதல் எண் தெளிவு, ஐந்துக்கு. இரண்டாவது வலிமை, ஒன்பதுக்கு. மோர்ஸில் மட்டும் மூன்றாவதாக ஒலியின் தரமும் சேரும். நீங்கள் அவருக்கு உண்மையான ரிப்போர்ட் தாருங்கள். எஸ் மீட்டர் நான்கைக் காட்டும்போது ஒன்பது என்று சொன்னால் அவர் ஆன்டெனா பற்றிய தவறான தகவலோடு போவார். பெயர், ஊர், செட், ஆன்டெனா, வானிலை. முதல் பேச்சுக்கு இவையே போதும். பதற்றத்தில் நாக்கு குழறும் என்றால் இவற்றை ஒரு தாளில் எழுதி செட்டுக்கு மேல் ஒட்டிக்கொள்ளுங்கள்.

குரல் தயக்கமாக இருந்தால் எஃப்.டி-8 இருக்கிறது. 2017-ல் வந்த இந்த டிஜிட்டல் மோடை உருவாக்கியவர்கள் இயற்பியல் நோபல் பெற்ற ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கேயும். 15 விநாடித் துண்டுகளில், 50 ஹெர்ட்ஸ் அகலத்தில், காதுக்கு எட்டாத சிக்னலையும் பிடித்துவிடும். 7.074, 14.074, 21.074-ல் யு.எஸ்.பி.யில் கேளுங்கள். திரையில் சிக்னல் நிறையத் தெரிந்தும் ஒன்றும் டிகோட் ஆகவில்லை என்றால் கம்ப்யூட்டர் கடிகாரம் ஒரு விநாடிக்கு மேல் தப்பியிருக்கிறது. செட்டின் ஏ.எல்.சி. மீட்டர் (ஆடியோ அதிகமானால் அசைவது) அசையாத அளவுக்கு ஆடியோவைக் குறைத்து வையுங்கள். கூட்டினால் உங்கள் சிக்னல் பக்கத்தில் இருக்கும் எல்லார்மேலும் வழிந்தோடும். ஆனால் எஃப்.டி-8 மட்டுமே போதும் என்று அங்கேயே தங்கிவிடாதீர்கள். காதும் நாக்கும் பழகுவது மனிதரோடு பேசும்போதுதான்.

விண்வெளி ஆசை இருந்தால் சர்வதேச விண்வெளி நிலையத்தின் 145.800 மெகாஹெர்ட்ஸை எஃப்.எம்.மில் கேட்டுத் தொடங்கலாம். அங்கிருந்து அவ்வப்போது படங்களும் ஒலியாக வரும்.

சேவைப் பக்கம்

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது, பாரதி பிரசாத் தலைமையில் அந்தமானுக்கு வந்திருந்த அமெச்சூர் குழு ஒன்று போர்ட் பிளேரில் இருந்தது. உலக ஸ்டேஷன்களோடு தொடர்புகொள்வதற்காக அவர்கள் கொண்டுவந்த அதே செட்டுகளும் ஆன்டெனாக்களும் அன்றிலிருந்து தீவுகளுக்கும் பெருநிலத்துக்கும் இடையே நிவாரணச் செய்திகளைச் சுமந்தன. பொழுதுபோக்கின் கருவியும் கையும் அப்படியே சேவைக்கு மாறின. மாற முடிந்ததற்குக் காரணம், அவை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தன என்பதுதான்.

இதற்குப் பயிற்சி, வாராந்தர நெட், அதாவது ஒருவர் நடத்த, பலர் ஒரே அதிர்வெண்ணில் கூடும் வானொலிச் சந்திப்பு. நெட் கன்ட்ரோல் அழைக்கும்போது மட்டும் பேசுவது, அவர் அனுமதி இல்லாமல் விலகாமல் இருப்பது, சொல்லச் சொன்னதை மட்டும் சொல்வது ஆகிய மூன்றும் பழக வேண்டும். செய்தி அனுப்பும்போது வரிசை எண், அவசர நிலை, நேரம், யாரிடமிருந்து, யாருக்கு, சொற்களின் எண்ணிக்கை, பிறகு செய்தி. எதிர்முனையில் ஒருவர் கையால் எழுதிக்கொண்டிருக்கிறார் என்ற நினைப்போடு, நீங்களும் காற்றில் எழுதிப் பார்த்துக்கொண்டே நான்கைந்து சொற்களாகச் சொல்லுங்கள். பெயர்களையும் மருந்துகளையும் எழுத்துக்கூட்டுங்கள். எண்ணிக்கை பொருந்தினால்தான் செய்தி போய்ச் சேர்ந்ததாகக் கணக்கு. நீங்களாகச் செய்தியைச் சுருக்கவோ திருத்தவோ கூடாது.

சர்வதேச அமெச்சூர் வானொலி ஒன்றியம் பேரிடர் நேரத்துக்கென உலகம் முழுவதற்கும் 14.300, 18.160, 21.360 மெகாஹெர்ட்ஸை மையங்களாகக் குறித்திருக்கிறது. பேரிடர் நேரத்தில் அந்த இடங்களில் ஐந்து கிலோஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் சாதாரணப் பேச்சு வேண்டாம். சில நூறு கிலோமீட்டருக்குள் செய்தி போக வேண்டுமென்றால் உயரமான ஆன்டெனாவைவிட, நான்கைந்து மீட்டர் உயரத்தில் கட்டிய 7 மெகாஹெர்ட்ஸ் டைபோல் பகலில் நன்றாக உதவும். அது அலையை நேர் மேலே அனுப்ப, அயனி மண்டலம் அதைச் சுற்றுப்புறம் முழுவதும் திருப்பிக் கொட்டும். இரவில் 3.5 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்க வேண்டிவரும்.

பேட்டரிக் கணக்கைத் தாளில் போட்டு வையுங்கள். ரிசீவில் 1 ஆம்பியர், சைடுபேண்ட் டிரான்ஸ்மிட்டில் சராசரி 8 ஆம்பியர், மணிக்கு ஆறு நிமிடம் பேச்சு என்றால், மணிக்கு 0.9 + 0.8 = 1.7 ஆம்பியர்-மணி. 20 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி பதினோரு மணி நேரம் தாங்கும். அதே அளவு லெட்-ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம். எஃப்.எம்.மில் பேசினால் அழுத்திய நேரம் முழுவதும் முழு மின்னோட்டமும் போகும், எனவே சக்தியைக் குறைத்து வையுங்கள். மாதம் ஒருமுறை வீட்டு மின்சாரத்தைத் தொடாமல், இந்த பேட்டரியிலேயே ஒரு நெட் முழுவதையும் ஓட்டிப் பாருங்கள். தளர்ந்த ஃபியூஸ் ஹோல்டர், பொருந்தாத கனெக்டர், எங்கோ வைத்த ஹெட்லாம்ப் எல்லாம் அன்றுதான் தெரியவரும்.